கடல் படுக்கும் இடம்

சித்திரை மாதம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் மாலை திருச்செந்தூரைத் தாண்டியாயிற்று. மணப்பாடு வருவதற்குள் கூடாரம் அடிக்க ஓர் இடம் வேண்டும். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. அலை வந்து திரும்பும் விளிம்பிலிருந்து இருபது தப்படிக்குள், நெல் அடிக்கும் களம்போலச் சமமான மணல். முள் இல்லை, கல் இல்லை, கால் புதையவும் இல்லை. எதிரே மன்னார் வளைகுடா முழுவதும் திறந்து கிடந்தது. கூடாரத்தை விரித்துவிட்டோம்.

சற்றுத் தள்ளிப் படகு நிழலில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, அது கடல் படுக்குற இடம்லா. நீங்க மேல ஏறிப் படுங்க" என்றார்.

கடல் அமைதியாகத்தான் இருந்தது. காற்றும் பெரிதாக இல்லை. ஆனாலும் ஊர்க்காரர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்பதால் கூடாரத்தைச் சுருட்டினோம். அப்போது அண்ணன் மகன் ஒரு கேள்வி கேட்டான். "சித்தப்பா, கடற்கரை பூரா மேடும் பள்ளமுமா இருக்கு. இந்த இடத்தை மட்டும் யாரு இவ்வளவு சமமா நிரவி வச்சா?"

பெரியவர் சொன்னதற்கான முழு விளக்கமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. நிரவியது கடல்.

ஒரு செம்புத் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் சரிவாக ஊற்றினால் அது அப்படியே திரும்பி ஓடிவரும். அதே தண்ணீரைக் காய்ந்த மணலில் ஊற்றினால் பாதி உள்ளே இறங்கிவிடும். அலை கரையேறும்போது நடப்பது இரண்டாவது. உடைந்த அலையின் நீர் மணலை வாரிக்கொண்டு வேகமாக மேலே ஓடிவருகிறது. இதை ஏறுநீர் என்று வைத்துக்கொள்வோம். ஏறிய நீரில் ஒரு பங்கு மணலுக்குள் இறங்கிவிடுவதால் திரும்பும் நீருக்கு வலு குறைவு. கொண்டுவந்த மணலையெல்லாம் அதனால் திருப்பி எடுத்துச் செல்ல முடிவதில்லை. ஒவ்வோர் அலையும் ஒரு பிடி மணலை மேலே விட்டுப் போகிறது. கடல் சாந்தமாக இருக்கும் மாதங்களில் நாளெல்லாம், வாரமெல்லாம் இப்படியே சேர்ந்து, ஏறுநீர் எட்டும் உயரத்தில் ஒரு மேடை உருவாகிவிடுகிறது. கரைமேடை என்று இதைச் சொல்லலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொந்தளிக்கும் அலைகள் இதே மணலைச் சுரண்டி உள்ளே இழுத்துப் போய்விடும். கோடையில் கடல் திரும்பவும் கட்டும்.

கரைமேடையின் உயரமே, கடல் அண்மைக் காலத்தில் எதுவரை ஏறி வந்தது என்பதற்கான கையெழுத்து. இன்னொன்றையும் கவனித்தால் தெரியும்: மேடையின் முதுகு பெரும்பாலும் நிலத்தை நோக்கி மெல்லச் சரிந்திருக்கும். விளிம்பைத் தாண்டிக் குதிக்கும் அலையின் நீர் அந்தச் சரிவில் இறங்கிப் பின்பக்கம் தேங்கும். இரவில் கூடாரம் நனைபவர்கள் பலருக்கும் தண்ணீர் முன்பக்கத்திலிருந்து வருவதில்லை, தலைமாட்டிலிருந்து வருகிறது.

மேடையைவிட எளிதில் படிக்கக்கூடிய பதிவு ஒன்றும் கரையில் உண்டு. பாசி, சிப்பி, தெர்மாகோல் துண்டு, பாட்டில் மூடி என்று அலை கொண்டுவந்த குப்பை ஒரு வரிசையாகக் கிடக்குமே, அந்த ஒதுங்கல் கோடு. நிதானமாக நடந்து பார்த்தால் ஒன்றல்ல, மூன்று நான்கு கோடுகள் தென்படும். ஈரம் காயாதது இன்றைக்குக் காலையில் விழுந்தது. அதற்கு மேலே காய்ந்து சருகானது சென்ற அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ உரியது. இன்னும் மேலே வெயிலில் வெளுத்த பாட்டில்களும் மரக்கட்டையும் பாதி புதைந்து கிடந்தால், அது ஏதோ ஒரு புயல் நாளின் எல்லை. எந்தக் கோட்டுக்கு மேலே படுக்கிறோம் என்று கேட்டுக்கொள்வதுதான் முதல் வேலை.

அமாவாசையும் பௌர்ணமியும் ஏன் வந்தன? நிலவும் சூரியனும் கடல்நீரை இழுக்கின்றன. அதனால் நீர் ஏறி இறங்குவதுதான் ஓதம். ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் ஒரே திசையில் இழுத்தால் வண்டி நன்றாக நகரும். ஒன்று நேராகவும் மற்றது பக்கவாட்டிலும் இழுத்தால் அவ்வளவு நகராது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் பூமி, நிலவு, சூரியன் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருவதால் ஓதம் பெரிது: பேரோதம். அதையொட்டி ஓரிரு நாள் அது நீடிக்கும். அட்டமியை ஒட்டிய நாள்களில் இழுவிசைகள் செங்குத்தாகப் பிரிவதால் சிற்றோதம். நம் கடற்கரையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. நிலவு தானும் நகர்ந்துகொண்டிருப்பதால் நேரம் தினமும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். மாலை ஐந்து மணிக்கு வற்றுக்கடலைப் பார்த்து இடம் பிடித்தவருக்கு, இரவு பதினொரு மணி வாக்கில் ஏற்றம் வரும்.

சென்னைப் பக்கம் பேரோதத்திலும் நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவே ஏறி இறங்குகிறது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் இது பத்து மீட்டரை எட்டும். நம்முடையது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் மணல்கரையில் உயரத்தை அகலமாக மாற்றிப் பார்க்க வேண்டும். இருபது மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறும் சரிவான கரையில், ஒரு மீட்டர் ஓதம் கடலை இருபது மீட்டர் உள்ளே கொண்டுவந்துவிடும். நாங்கள் முதலில் கூடாரம் விரித்தது விளிம்பிலிருந்து அதைவிடக் குறைந்த தூரத்தில்.

இந்த ஏற்ற இறக்கத்தை நிமிடக் கணக்கில் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. அது எப்படிச் சாத்தியமானது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் ஒன்று. நிலவின் பாதை வட்டமல்ல, சாய்ந்தும் இருக்கிறது. அதனால் ஓதம் ஒரே தாளத்தில் நடப்பதில்லை. பல தாளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஒலிக்கும் மேளக்கச்சேரி அது. 1870களில் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர், ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு கப்பிச் சக்கரம் வைத்தார். அத்தனை சக்கரங்களின் மேலும் கீழுமாக ஒரே கம்பியை ஓட்டி, கடைசியில் ஒரு பேனாவைக் கட்டினார். கைப்பிடியைச் சுற்றினால் சக்கரங்கள் எல்லாம் தத்தம் வேகத்தில் ஏறி இறங்கும். கம்பி அவற்றைக் கூட்டும். பேனா வரப்போகும் ஓதத்தை வரைந்து தள்ளும். 1879இல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே தனியாக அப்படி ஓர் இயந்திரம் லண்டனில் செய்யப்பட்டது. இன்று அதே கூட்டலைக் கணினி செய்கிறது. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. பயணத்துக்குக் கிளம்புமுன் அதை ஒருமுறை புரட்டுவது, பெட்ரோல் அளவைப் பார்ப்பதைப் போன்ற ஒரு பழக்கமாக வேண்டும்.

ஓதம் தெரிந்துவிட்டது, ஒதுங்கல் கோட்டுக்கு மேலே இடமும் பிடித்தாயிற்று என்றால் நிம்மதியாகத் தூங்கலாமா? காற்றில்லை, மேகமில்லை, அமாவாசையும் இல்லை. ஆனாலும் நள்ளிரவில் கடல் பொங்கி வந்து வீட்டு வாசலை நனைத்துவிட்டுப் போன கதைகளைக் குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் நிறையக் கேட்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் வருவதால் கேரள மீனவர்கள் இதற்குக் கள்ளக்கடல் என்று பேர் வைத்தார்கள். 2012இல் யுனெஸ்கோவும் அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டது. மீனவர் வாயில் பிறந்த ஒரு சொல் உலக அறிவியல் வழக்கில் இடம்பெற்றதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

இந்தக் கள்ளன் எங்கிருந்து வருகிறான் என்று கண்டுபிடிக்க ஒரு கைக்கடிகாரம் போதும். கரையில் உட்கார்ந்து, ஓர் அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் இடையே எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். பத்துப் பன்னிரண்டு அலைகளை எண்ணிச் சராசரி பார்த்தால் இன்னும் நல்லது. ஐந்து ஆறு வினாடி என்றால் அவை பக்கத்துக் காற்று எழுப்பிய உள்ளூர் அலைகள். பதினான்கு, பதினாறு, பதினெட்டு என்று நீண்டால் அவை வெளியூர். உள்ளூர்க் காற்றால் அவ்வளவு நீண்ட அலையை எழுப்ப முடியாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், நாள்கணக்கில் நீர்மேல் வீசிய புயற்காற்று வேண்டும். இவற்றைத் தொலையலை எனலாம்.

இதை எப்படி உறுதிப்படுத்தினார்கள்? திருநெல்வேலியிலிருந்து ஒரே நேரத்தில் ஒரு விரைவு ரயிலும் ஒரு பாசஞ்சரும் கிளம்புகின்றன. கோவில்பட்டியில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் இடையே கொஞ்ச நேரம்தான் வித்தியாசம். மதுரையில் பார்த்தால் அதிகம், திருச்சியில் இன்னும் அதிகம். அப்படியானால், கிளம்பிய ஊர் தெரியாவிட்டாலும், வந்துசேர்ந்த நேர இடைவெளியை வைத்தே எவ்வளவு தூரத்திலிருந்து வந்தன என்று கணக்கிட்டுவிடலாம். ஆழ்கடலில் நீண்ட அலைகள் விரைவு ரயில். குட்டை அலைகள் பாசஞ்சர். பதினெட்டு வினாடி அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நகரும். பன்னிரண்டு வினாடிக் கூட்டம் 34 கிலோமீட்டர்தான். எங்கோ ஒரு புயல் எல்லா நீளத்திலும் அலைகளைக் கிளப்பிவிட்டால், நம் கரைக்கு முதலில் வருபவை நீண்டவை. பிறகு நாளாக ஆக இடைவெளி குறுகிக்கொண்டே வரும். எவ்வளவு மெதுவாகக் குறுகுகிறதோ புயல் அவ்வளவு தூரம்.

வால்டர் மங்க் என்ற கடலியலாளர் 1963இல் இதைப் பசிபிக் பெருங்கடலின் குறுக்கே செய்து காட்டினார். நியூசிலாந்து, சமோவா, பால்மைரா தீவு, ஹவாய் என்று நிலையங்கள், நடுக்கடலில் ஒரு மிதவைக் கப்பல், கடைசியாக அலாஸ்கா. தென்கோடிக் கடலில் எழுந்த புயலின் அலைகள் ஒவ்வொரு நிலையமாகக் கடந்து, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அலாஸ்காவின் கரையில் வந்து அடங்குவதை அவர் குழு தொடர்ந்து அளந்தது. வழியில் அலைகள் இழந்த ஆற்றல் வியக்கத்தக்க அளவு குறைவு.

நம் தெற்கே அண்டார்டிகா வரைக்கும் தடுக்க நிலமே இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயலுக்கும் குமரி முனைக்கும் இடையே ஆறாயிரம் கிலோமீட்டர் வெறும் தண்ணீர். நடுக்கடலில் இந்தத் தொலையலை யார் கண்ணிலும் படாது. முகடுக்கும் முகடுக்கும் இடையே அரை கிலோமீட்டர். உயரம் ஒரு மீட்டர் இருந்தாலும் படகில் இருப்பவருக்கு மெல்லத் தூக்கி மெல்ல இறக்குவதுபோல இருக்கும், அவ்வளவுதான். கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் அலை நெருக்கப்பட்டு உயர்கிறது. நீளம் அதிகம் என்பதால் ஒவ்வோர் அலையும் சுமந்துவரும் தண்ணீரும் அதிகம். உள்ளூர் அலை கரையில் நாலு எட்டு வைத்துத் திரும்பினால், தொலையலை திரும்ப மறந்ததுபோல ஏறிக்கொண்டே போகும். அது பேரோதத்தோடு சேர்ந்துகொள்ளும் நாளில் பழைய ஒதுங்கல் கோடுகள் எல்லாம் கணக்கில் வராது.

2024 மே மாதம் குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டது. கடற்கரைகளுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை தரப்பட்டிருந்த நாள்கள் அவை. ஹைதராபாத்திலிருந்து இயங்கும் இன்காய்ஸ், அதாவது இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், தென்கடல் அலைகளைக் கணித்து இத்தகைய எச்சரிக்கைகளை முன்னதாகவே வெளியிடுகிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் அந்த எச்சரிக்கையை நம்புவது மனத்துக்குக் கடினம். அந்தத் தெளிந்த வானத்துக்கும் நம் முன்னே உடையும் அலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

எந்தக் கரைக்கு எந்த அலை வரும் என்பதை நில வரைபடமே பாதி சொல்லிவிடும். ராமேஸ்வரத்தில் தீவின் வடபக்கத்துக் கடலைப் பெண் கடல் என்றும் தென்பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடக்கே பாக் நீரிணை ஆழமற்றது. தெற்கிலிருந்து வரும் தொலையலைகளுக்கு இலங்கையும் இடையிலுள்ள மணல்திட்டுகளும் மதில்போல நிற்கின்றன. ஆகவே தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கோடையில் குளம்போலக் கிடக்கும். தென்பக்கம் மன்னார் வளைகுடா திறந்த வாசல். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அறையத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். தனுஷ்கோடியில் இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் பொழுது சாய்ந்தபின் அங்கே தங்க விடமாட்டார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் அந்த ஊர் அழிந்துபோனதை நினைத்தால் அது சரிதான் என்று தோன்றும்.

முகத்துவாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு கடலில் சேருமிடத்து மணல்திட்டைவிட அழகான இடம் கடற்கரையில் வேறில்லை. அங்கே மட்டும் கூடாரம் வேண்டாம். ஆறும் கடலும் மாறி மாறி வெட்டி நகர்த்தும் மணல் அது. நேற்றைய வழி இன்றைக்கு இருக்காது.

சரி, பெரியவர் "மேல ஏறி" என்று சொன்னது எதுவரை? அதைக் காட்டித்தரும் ஒரு கொடி இருக்கிறது. ஆட்டின் குளம்புபோலப் பிளந்த இலையும் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூவுமாக மணலில் படரும் அடும்பு. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் பூத்த அதே கொடி. அதற்குத் துணையாக, முள்பந்துபோலத் தலை விரித்து நிற்கும் இராவணன் மீசைப் புல். உப்புக்காற்றை இவை தாங்கும். வேர் அடிக்கடி உப்புநீரில் மூழ்குவதை அடும்பாலும் தாங்க முடியாது. கொடி நன்றாகப் படர மாதங்கள் ஆகும். அது செழித்திருக்கும் இடத்துக்குக் கடல் பல மாதங்களாக வரவில்லை என்று பொருள். இந்தச் செடிகள் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து வைத்துத்தான் மணல்மேடே எழும்புகிறது. ஆகவே அவற்றின் மேல் அல்ல, அவற்றைத் தாண்டிப் பின்னால், கொடியை மிதிக்காத ஓர் இடைவெளியில் கூடாரம் அடிக்க வேண்டும். மேட்டுக்கும் பனங்கூட்டத்துக்கும் நடுவே எங்களுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது. கடல் முழுதாகத் தெரியவில்லை, ஒரு கீற்றாகத்தான் தெரிந்தது. நாலு எட்டு மேடேறினால் முழுதும்.

வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் அண்ணிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. கடலைப் பார்த்து என்றேன் நான். பகலில் மணல் சட்டென்று சூடேறுகிறது, கடல் மெதுவாக. சூடான நிலத்தின் மேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. சென்னையில் கோடைப் பிற்பகலைக் காப்பாற்றுவது இதுதான். இரவில் மணல் அதே வேகத்தில் ஆறிவிட, கடல் கதகதப்பாகவே இருக்கும். ஓட்டம் திரும்பி, நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று போகும். மாலையில் முகத்தில் அடித்த காற்றை நம்பி வைத்த வாசலுக்குப் பின்னிரவில் காற்றே வராது. அண்ணி சொன்னபடி பின்பக்க ஜன்னலையும் திறந்து வைத்தோம். இரண்டு மணிக்கு மேல் அந்த வழியாகத்தான் காற்று வந்தது.

விளக்கைச் சீக்கிரமே அணைத்துவிட்டோம். தை முதல் பங்குனி வரை நம் கரைகளில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் சித்திரையிலும் மணலைப் பிளந்து வெளியே வரும். அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அதுதான் கடல் என்று அவை நம்புகின்றன. கோடானுகோடி இரவுகளாக அது உண்மையாகவும் இருந்தது. கூடாரத்தின் ஒற்றை எல்.இ.டி. விளக்கு அவற்றைச் சாலைப் பக்கம் திருப்பிவிடப் போதும். நிலா வெளிச்சத்தில் சமைத்ததை நிலா வெளிச்சத்திலேயே சாப்பிட்டோம்.

விடியற்காலையில் மேட்டில் ஏறிப் பார்த்தோம். நாங்கள் முதலில் கூடாரம் விரித்த களம் முழுவதும் நனைந்து, மினுமினுவென்று மேலும் சமமாகியிருந்தது. அதன் பின்பக்கச் சரிவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குட்டை. பெரியவரின் படகு இருந்த இடத்தில் இல்லை, விடியுமுன்னே போய்விட்டிருந்தார்.

அண்ணன் மகன் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். பன்னிரண்டு அலைகளை எண்ணினான். சராசரி பதினாறு வினாடி. மணிக்கு 45 கிலோமீட்டர், ஆறாயிரம் கிலோமீட்டர் தூரம் என்று மணலில் விரலால் எழுதி வகுத்துப் பார்த்தான்; ஐந்தரை நாள் வந்தது. பிறகு விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினான். அந்த அலை தென்கடலிலிருந்து கிளம்பியபோது நாங்கள் சென்னையில், இந்தக் கூடாரத்தை மூட்டை கட்டக்கூடத் தொடங்கியிருக்கவில்லை.